கம்பைலருக்குள் ஒரு பெயர்ப் பிழை: கண்டுபிடிப்பதிலிருந்து மெர்ஜ் ஆகும் வரை

ஒரு தவறான பெயர் கம்பைலரின் (நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கருவி) மூலநிரலுக்குள் பல வருடம் சத்தமில்லாமல் இருக்க முடியும். இயந்திரத்துக்குப் பெயரின் பொருள் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக இருந்தால் அதற்கு அது சரியான பெயர்தான். டெஸ்டுகளும் அந்தத் தவறான பெயரையே எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கும், அதனால் எல்லாம் பச்சை காட்டும். மனிதக் கண் பட்டால்தான் உண்டு.

திறமூலக் கம்பைலர் ஒன்றுக்கு முதல்முறை பங்களிக்க வருகிறவர்களுக்கு இது சுலபமான வேலையாகத் தெரியும்: தேடு, மாற்று, அனுப்பு. தட்டச்சு வேலை உண்மையிலேயே கொஞ்சம்தான். மீதி உழைப்பெல்லாம் அந்தப் பெயரை வெளியே யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் போகிறது. அந்தப் பகுதியைச் சரியாகச் செய்தால் ரிவ்யூ செய்கிறவர் உங்களை நம்புவார்.

உதாரணத்துக்கு ரஸ்ட் மொழியின் கம்பைலரை எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கான ஆவணங்கள் அதில் நன்றாக இருக்கின்றன, பெயர் மாற்றங்களின் நிஜ வரலாறும் அதன் நிரலிலேயே கிடக்கிறது. கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். ரஸ்ட் பெயர்களில் பெரும்பாலும் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

எது பிழை, எது வெறும் ரசனை

ரஸ்டில் லிண்ட் என்பது கம்பைலர் தரும் ஒரு வகை எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நிரலாளர்கள் தங்கள் கோப்புகளில் எழுதி, இந்த எச்சரிக்கையை அனுமதி, இதைத் தடு என்று சொல்ல முடியும். இந்தப் பெயர்களை எப்படி வைப்பது என்று 2014-இல் வந்த 344-ஆம் எண் ஆர்எஃப்சி (மாற்றங்களை முன்மொழியும் ஆவணம்) ஒரு விதி சொன்னது. 'அலோ' (அனுமதி) என்ற சொல்லுக்குப் பின்னால் லிண்ட் பெயரை வைத்துப் படித்தால் பொருள் தர வேண்டும். அதனால் குறிப்பிட்ட ஒரு வகைப் பொருளைப் பற்றிய லிண்ட் என்றால் பன்மையில் வேண்டும்: அன்யூஸ்டு வேரியபிள் அல்ல, அன்யூஸ்டு வேரியபிள்ஸ்.

விதி இருந்தும் பல லிண்டுகள் ஒருமையில் உள்ளே வந்துவிட்டன. சிங்கிள் யூஸ் லைஃப்டைம், பேர் டிரெய்ட் ஆப்ஜெக்ட், அன்யூஸ்டு டாக் காமெண்ட், அன்ஸ்டேபிள் நேம் கொலிஷன் எல்லாமே அப்படி வந்தவை. பிற்பாடு ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு 'ஸ்' சேர்த்தார்கள். ஸ்டாட்டிக் மியூட் ரெஃப் என்ற லிண்டும் அதே தவறோடு வந்து அதே வழியில்தான் திருந்தியது. விதியை எழுதியவர்களும் அதை மீறியவர்களும் ஒரே திட்டத்துக்குள் இருந்தவர்கள் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெரிய திட்டங்களில் இது வழக்கம்தான்.

எழுத்துப் பிழை, மரபு மீறல் இரண்டையும்விட மோசமானது பொய் சொல்லும் பெயர். ரஸ்ட் உட்படப் பல கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மின் சி இடைமுகத்தில் பில்ட் இன்ட் காஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் முழு எண்ணை ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவுக்கு மாற்றும் பொதுவான வேலை போலத் தோன்றும். ஆனால் அது எப்போதும் குறியுள்ள எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பெயரில் அதற்கு எந்தத் தடயமும் இல்லை. குறியற்ற எண்ணைக் கொடுத்தவருக்குச் சில மதிப்புகளில் மட்டும் தவறான விடை வரும். பின்னால் 2 என்ற எண்ணோடு முடியும் புதிய ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்து, குறி உண்டா இல்லையா என்பதைத் தனி உள்ளீடாக வாங்கினார்கள். பழையதன் மேல் 'இது எப்போதும் குறியுள்ள மாற்றம், புதியதைப் பயன்படுத்துங்கள்' என்று குறிப்பு எழுதினார்கள்.

இன்னொரு வகை, பெயர் அப்படியே நிற்க உள்ளே இருக்கும் வேலை வளர்ந்துவிடுவது. ரஸ்டில் எக்ஸீடிங் பிட்ஷிஃப்ட்ஸ் என்று இருந்த பெயர் பிட் நகர்த்தலை மட்டும் சொன்னது. அதன் இடத்தில் எல்லாக் கணக்கீட்டு வழிதலையும் அடக்கும் அரித்மெட்டிக் ஓவர்ஃப்ளோ வந்தது. வைத்த நாளில் சரியாக இருந்து பிறகு பிழையான பெயர்கள் இவை. கண்டுபிடிப்பது கடினம், ஆனால் கண்டுபிடித்தால் பயன் அதிகம்.

உங்களுக்கு ஒரு பெயர் பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறதா, திட்டத்தின் எழுதிவைத்த விதியை மீறுகிறதா, இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் மேலே போங்கள். கருத்துரைகளில் ஆங்காங்கே ஓர் எழுத்தைத் திருத்தி நாலைந்து புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புவது ரிவ்யூ செய்பவர்களின் நேரத்தைத் தின்னும். அதைச் செய்யாமல் இருப்பதே மரியாதை.

படி 1: பெயரின் பிறப்பைத் தேடுங்கள்

மாற்றுவதற்கு முன் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பாருங்கள். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி கிட். அதன் கிட் பிளேம் கட்டளை கடைசியாக அந்த வரியைத் தொட்டவரைத்தான் காட்டும். பெயர் முதலில் நுழைந்த இடம் வேண்டுமென்றால் கிட் லாக் கட்டளையோடு பெரிய எஸ் விருப்பத்தைச் சேர்த்து அந்தப் பெயரைக் கொடுங்கள். அந்தச் சொல்லின் எண்ணிக்கை கூடிய, குறைந்த கமிட்டுகளை (பதிவான மாற்றங்களை) மட்டும் அது காட்டும். பட்டியலின் அடியில் இருப்பதுதான் பிறப்பு.

இதில் இரண்டு இடத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். டேட்டா மிச்சம் பிடிக்க ஆழம் குறைத்துக் குளோன் செய்திருந்தால் (கடைசிச் சில கமிட்டுகளை மட்டும் நகல் இறக்கியிருந்தால்) வரலாறே இருக்காது, தேடல் உங்களுக்குப் பொய்யான பிறந்த தேதியைக் காட்டும். இரண்டாவது, கோப்பின் இன்றைய பாதையைக் கொடுத்துத் தேடலைச் சுருக்குவது. ரஸ்ட் கம்பைலரின் பகுதிகள் 2020-இல்தான் இப்போதுள்ள 'கம்பைலர்' ஃபோல்டருக்கு நகர்ந்தன. டெஸ்டுகள் 2023 தொடக்கத்தில் வேறு இடத்துக்குப் போயின. பாதையைக் கொடுத்தால் அந்த நகர்வோடு வரலாறு நின்றுவிடும். ரெப்போ (திட்டத்தின் முழு நிரல் தொகுப்பு) முழுவதும் தேடுங்கள், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை.

பிறப்புக் கமிட் கிடைத்ததும் அதன் விவாதத்தைப் படியுங்கள். 'இந்தப் பெயர் விநோதம்தான், ஆனால் வேண்டுமென்றே வைத்தோம்' என்று யாராவது எழுதியிருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

படி 2: பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

நிரலில் சொல்லைத் தேடும் கிட் கிரெப் கட்டளை போட்டவுடன் பதினைந்து வரி வந்தது, அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். கம்பைலருக்குள் ஒரே பெயர் பல உருவத்தில் இருக்கும். ரஸ்டில் லிண்டை அறிவிக்கும் மேக்ரோவுக்குள் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். பயனர் எழுதும் சிறிய எழுத்து வடிவத்தை நிரல் தானே உருவாக்கிக்கொள்கிறது. கட்டளை வரியில் அடிக்கோட்டுக்குப் பதில் இடைக்கோடு போட்டாலும் ஏற்கும். எச்சரிக்கைக்கான ஸ்ட்ரக்டில் அதே பெயர் ஒட்டகத் திமில் பாணியில், இடைவெளியே இல்லாமல் இருக்கும். ஆக நான்கு உருவம். பெரிய சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல், சொற்களுக்கு நடுவே எதுவும் இருக்கலாம் என்று சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றைக் கொண்டு தேடுங்கள். மேக்ரோ துண்டுகளை ஒட்டிப் பெயர் செய்யும் இடங்கள் இதற்கும் சிக்காது. அவற்றைப் பிடிக்க, பெயரின் ஒரு பாதியை மட்டும் வைத்து இன்னொரு முறை தேட வேண்டும்.

கிட் கிரெப் சாதாரணமாக சப்மாட்யூலுக்குள் (உள்ளே இணைத்த தனி ரெப்போ) போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ரஸ்ட் ரெப்போவில் எல்எல்விஎம் அப்படித்தான் இருக்கிறது. கிளிப்பி, மிரி போன்ற கருவிகள் சப்ட்ரீயாக, அதாவது நிரலே நகலாக, உள்ளேயே இருப்பதால் அவை தேடலில் வரும்.

கிடைத்ததை வகை பிரியுங்கள். கம்பைலருக்குள் மட்டும் புழங்கும் பெயர் என்றால் சுதந்திரம் அதிகம். 2023-இல் ரஸ்ட் குழு சப்ஸ்ட்ஸ் என்று நிரல் முழுக்கப் பரவியிருந்த உள்பெயரை ஜெனரிக் ஆர்க்ஸ் என்று மாற்றியது. மாற்றம் பெரியது, ஆனால் ரஸ்ட் எழுதும் சாதாரண நிரலாளர் ஒருவரும் அதை உணர்ந்திருக்க மாட்டார். கம்பைலரின் உள்பகுதிகளோடு நேரடியாக இணையும் வெளிக் கருவிகளுக்கு மட்டும்தான் வேலை வைத்தது.

பயனரின் கோப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும் பெயர் வேறு கதை. லிண்ட் பெயர், கட்டளை வரி விருப்பம், இன்னும் நிலைபெறாத வசதிகளைத் திறக்கும் பெயர் எல்லாம் அந்த வகை. இவற்றை மாற்றலாம், ஆனால் பழைய பெயருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான்.

கடைசி வகை மாற்றவே கூடாதது. நிலைபெற்ற நூலகத்தின் ஃபங்ஷன் பெயர்கள் அப்படி. பிழைக் குறியீட்டு எண்களும் அப்படித்தான்: ஒரு பிழையைக் கம்பைலர் இனி தராது என்றானாலும் எண் நீங்காது, 'இது இப்போது வருவதில்லை' என்ற குறிப்போடு ஆவணத்தில் நிற்கும். இந்த வகைக்குக் கம்பைலர் உலகத்துக்கு வெளியே ஒரு பிரபல உதாரணம் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று வலை உலாவி சர்வருக்குச் சொல்லும் ரெஃபரர் தலைப்பு 1996-இல் வெளியான எச்டிடிபி ஆவணத்திலேயே ஓர் 'ஆர்' குறைவாக அச்சாகிவிட்டது, இன்றுவரை அப்படியேதான். பின்னால் அதைக் கட்டுப்படுத்த வந்த தலைப்பில் சரியான எழுத்துக்கூட்டல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன, யாரும் தொடத் துணிவதில்லை.

படி 3: செய்வதற்கு முன் சொல்லுங்கள்

உள்பெயர் என்றால் நேரடியாகப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினாலே போதும். பயனர் கண்ணில் படும் பெயர் என்றால் முதலில் ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறங்கள். இப்போதுள்ள பெயர், அது ஏன் தவறு, உங்கள் முன்மொழிவு, பழைய பெயரை எழுதியவர்களுக்கு என்ன ஆகும், இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். ரஸ்டில் லிண்ட் பெயர் மொழிக் குழுவின் அக்கறைக்குள் வரும். அவர்கள் சம்மதிக்காமல் நிரல் எழுதிப் பயனில்லை. ஏற்கனவே இஷ்யூ இருந்தால் ரஸ்ட்பாட் என்ற தானியங்கிக்குக் 'கிளெய்ம்' என்று எழுதி உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். சுலபம், வழிகாட்டி உண்டு என்ற அடையாளத்தோடு இருக்கும் இஷ்யூக்களில் தொடங்குவது நல்லது.

புதிய பெயர் எது என்ற விவாதம் நீளும். அதில் உங்கள் பெயருக்காகச் சண்டை போட வேண்டாம்.

படி 4: கம்பைலரை உங்கள் கணினியில் எழுப்புவது

30 ஜிபி காலி இடம், 8 ஜிபி ரேம், இரண்டு பிராசஸர் கோராவது இருக்கட்டும் என்று ரஸ்ட் மேம்பாட்டு வழிகாட்டி சொல்கிறது. பழைய மடிக்கணினியில் நடக்கும், ஆனால் பொறுமை வேண்டும். குளோன் செய்தபின் எக்ஸ் என்ற ஸ்கிரிப்டை 'செட்டப்' என்று ஓட்டி, கேட்கும்போது 'கம்பைலர்' என்ற தேர்வைக் கொடுங்கள். எல்எல்விஎம்மை நீங்களே பில்ட் செய்யாமல், ஏற்கனவே பில்ட் ஆனதை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது கிடைக்கும் கணினியில் கட்டாயம் பயன்படுத்துங்கள். பெயர் மாற்றும் வேலைக்கு நடுவே 'எக்ஸ் செக்' போதும். அது முழு பில்ட் செய்யாமல், பெயர்களும் வகைகளும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும்.

படி 5: மாற்றுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல

ரெப்போ முழுக்க, சொல்லைத் தேடி மாற்றும் ஒரே 'செட்' கட்டளையில் மாற்றிவிடும் ஆசை வரும். வேண்டாம். பழைய வெளியீட்டுக் குறிப்புகளில் பழைய பெயர்தான் இருக்க வேண்டும், அது வரலாறு. இன்னொரு சொல்லின் நடுவில் உங்கள் பெயர் தற்செயலாக வந்திருக்கலாம். அறிவிக்கும் இடத்தில் மட்டும் பெயரை மாற்றிவிட்டு 'எக்ஸ் செக்' ஓட்டுங்கள். கம்பைலரே உடைந்த இடங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும், ஒவ்வொன்றாகப் போய்ச் சரிசெய்யுங்கள். அது காட்டாதவை மேற்கோள்குறிக்குள் இருக்கும் சரங்கள், கருத்துரைகள், ஆவணங்கள். அவற்றுக்குப் படி 2-இல் எடுத்த பட்டியல் உதவும்.

பெயர் ஓர் எழுத்து நீண்டாலும் வரி 100 எழுத்தைத் தாண்டலாம். 'எக்ஸ் எஃப்எம்டி' ஓட்டினால் வரி சரியாக மடியும். 'டைடி' என்ற சோதனை இன்னொரு விஷயத்தையும் பிடிக்கும். நிரலில் சில பட்டியல்கள் அகர வரிசையில் இருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருப்பார்கள். புதிய பெயர் வேறு எழுத்தில் தொடங்கினால் அதன் இடமும் மாற வேண்டும்.

படி 6: பழைய பெயருக்கு ஒரு வழி

தெருவின் பெயர் மாறினாலும் பழைய முகவரிக்கு வரும் கடிதம் போய்ச் சேர வேண்டும் அல்லவா? ரஸ்டில் அதற்கு ரெஜிஸ்டர் ரீநேம்டு என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் கொடுத்து ஒரே ஒரு வரி. மேலே சொன்ன ஒருமை, பன்மைக் கதைகள் எல்லாம் இந்த வரிகளாகவே லிண்ட் பகுதியின் முதன்மைக் கோப்பில் அடுக்கடுக்காக இருக்கின்றன. திறந்து பாருங்கள், உங்கள் வரி எங்கே போக வேண்டும் என்று புரிந்துவிடும்.

இந்த வரி இருந்தால் பழைய பெயர் தொடர்ந்து வேலை செய்யும், கூடவே 'இதன் பெயர் மாறிவிட்டது, புதிய பெயர் இது' என்று ஒரு எச்சரிக்கை வரும். இது யாரையெல்லாம் தொடும் என்று கணக்குப் போடுங்கள். எச்சரிக்கையை எல்லாம் பிழையாக எடுத்துக்கொள் என்று எழுதி வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் சொந்த நிரல் உடையும். அவர்களைச் சார்ந்திருப்பவர்களுக்கு உடையாது, ஏனென்றால் வெளியிலிருந்து இறக்கிய சார்புகளின் லிண்ட் எச்சரிக்கைகளை ரஸ்டின் பேக்கேஜ் கருவியான கார்கோ அடக்கிவிடும்.

உண்மையான சிரமம் பழைய கம்பைலர்களையும் ஆதரிக்க வேண்டிய நூலகக்காரர்களுக்கு. பழைய பெயரை வைத்தால் புதிய கம்பைலர் முணுமுணுக்கும். புதிய பெயரை வைத்தால் பழைய கம்பைலர் 'இப்படி ஒரு லிண்டே தெரியாது' என்று எச்சரிக்கும். இரண்டையும் எழுதி எச்சரிக்கையை அடக்குவதுதான் அவர்களுக்கு வழி. ஒரே ஓர் எழுத்துக்காக அவர்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை இஷ்யூவில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெயர் பொய் சொல்கிறது என்றால் என் பதில் ஆம். வெறும் ஒருமை, பன்மை என்றால், லிண்ட் வந்து சில மாதங்களே ஆகியிருந்தால் ஆம், பல வருடம் புழங்கிவிட்டதென்றால் விட்டுவிடலாம்.

ஆவணத்தையும் மறக்காதீர்கள். லிண்ட் விளக்கப் புத்தகம் அறிவிப்புக்கு மேலே உள்ள கருத்துரையிலிருந்து தானாக உருவாகிறது. அதிலுள்ள எடுத்துக்காட்டு உண்மையிலேயே அந்த லிண்டைத் தூண்டுகிறதா என்றும் ஒரு கருவி சரிபார்க்கும். அதே கருவியில் பழைய பெயரில் இருந்த இணைப்புகளைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு பட்டியல் உண்டு. அதிலும் ஒரு வரி சேருங்கள்.

படி 7: டெஸ்ட்

ரஸ்டின் யூஐ டெஸ்டுகள் கம்பைலர் திரையில் காட்டும் செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒரு கோப்போடு ஒப்பிடும். பெயர் மாறினால் அவை விழத்தான் செய்யும். 'பிளெஸ்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால் எதிர்பார்ப்புக் கோப்புகளை அதுவே புதிதாக எழுதிவிடும். சௌகரியம்தான், ஆபத்தும் அதில்தான். எழுதியபின் கிட் டிஃப் எடுத்து வரி வரியாகப் படியுங்கள். இரண்டு மாற்றம்தான் தெரிய வேண்டும்: பெயர், பெயரின் அடியில் வரும் குறிகளின் நீளம். ஓர் எழுத்து கூடினால் ஒரு குறி கூடும். இதைத் தாண்டி ஒரு எச்சரிக்கை புதிதாக வந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ நீங்கள் பெயரை மட்டும் மாற்றவில்லை, நடத்தையையும் மாற்றிவிட்டீர்கள்.

பழைய பெயரை எழுதினால் எச்சரிக்கை வருகிறதா, லிண்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய டெஸ்ட் சேருங்கள்.

படி 8: அனுப்புவது

இயந்திரத்தனமான பெயர் மாற்றம் ஒரு கமிட்டில் தனியாக இருக்கட்டும். பழைய பெயருக்கான ஏற்பாடும் டெஸ்டும் இன்னொரு கமிட். போகிற வழியில் கண்ணில் பட்ட வேறு திருத்தங்களைக் கலக்காதீர்கள். ரிவ்யூ செய்பவர் முதல் கமிட்டை மேலோட்டமாகவும் இரண்டாவதை உன்னிப்பாகவும் படிக்க இது வழி செய்யும். எல்எல்விஎம்மில் நடத்தை மாறாத மாற்றத்தின் தலைப்பில் என்எஃப்சி என்று போடும் வழக்கம் இருக்கிறது. அந்த மூன்றெழுத்தைப் போட்டுவிட்டு நடத்தையை மாற்றினால் கோபித்துக்கொள்வார்கள்.

பெயர் மாற்றம் பல கோப்புகளைத் தொடுவதால் மற்றவர்களின் மாற்றங்களோடு சீக்கிரம் மோதலில் சிக்கும். ரஸ்டில் மெர்ஜ் கமிட் போட்டுச் சமாளிக்க அனுமதி இல்லை, ரீபேஸ்தான் (உங்கள் கமிட்டுகளைப் புதிய நிரலின் மேல் மறுபடி அடுக்குவது). மோதல் நிறைய வந்தால் பழைய கமிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய கிளையில் திரும்பச் செய்வது சில நேரம் வேகமாக முடியும். மாற்றம் மிகப் பெரியதென்றால், கிட் பிளேம் புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளின் பட்டியலில் அதைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். கிட் 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ரஸ்ட், எல்எல்விஎம் இரண்டிலும் அதற்கான கோப்பு ரெப்போவிலேயே இருக்கிறது.

ரிவ்யூ முடிந்து ஒப்புதல் கிடைத்தால் போர்ஸ் என்ற தானியங்கி எல்லாச் சோதனைகளையும் ஓட்டி மெர்ஜ் செய்யும். சிறிய மாற்றம் என்றால் வேறு பலவற்றோடு சேர்த்து ரோலப் என்ற மூட்டையில் போகும். மூட்டையில் வேறு யாருடையதோ தோற்றால் உங்களுடையதும் வெளியே வந்து மறுபடி வரிசையில் நிற்கும், பதற வேண்டாம். மெர்ஜ் ஆனது அடுத்த நைட்லியில் (தினமும் வரும் சோதனைப் பதிப்பு) தெரியும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பதிப்பு வெளியாவதால், நிலையான பதிப்பில் வர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் யாராவது தங்கள் பில்ட் உடைந்ததாக இஷ்யூ திறந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே அந்த நாட்களில் கிட்ஹப் அறிவிப்புகளை அணைத்து வைக்காதீர்கள்.